கை ஓய்கிறது, காது ஓயவில்லை: வாசகர் கேள்வி பதில்

படுக்கைப் புண்களைத் தவிர்ப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, நோயாளியைப் பற்றித் தொடங்கி, கடைசி வரியில் எழுதுபவரைப் பற்றித் தயங்கித் தயங்கி ஏதோ ஒன்றைச் சொல்லி முடிந்திருந்தன. பராமரிப்பவரின் ஓய்வைப் பற்றிய அந்தக் கடைசி வரிகளுக்கு மட்டுமே இந்த முறை பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மாமியாரை நான்கு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தான் வந்து பத்து நாட்கள் இருப்பதாகவும், நான் என் அம்மா வீட்டுக்குப் போய்வரலாம் என்றும் நாத்தனார் சொல்கிறார். போக ஆசைதான். ஆனால் பையை எடுத்து வைத்தாலே தப்புச் செய்வதுபோல் இருக்கிறது. அந்த உணர்வு போன பிறகு கிளம்பலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: சரியல்ல. குற்ற உணர்வு நீங்கட்டும் என்று காத்திருந்து, அது நீங்கிய பின் கிளம்பிய ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. முதல் முறை போய்த் திரும்பும்போதுகூட அது கூடவே வரும். இரண்டாவது, மூன்றாவது முறை திரும்பி வந்து, மாமியார் நலமாகவே இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் மெல்லக் குறையத் தொடங்கும். ஆகவே அதையும் துணிமணிகளோடு பையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

உங்கள் தயக்கத்துக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் இருந்தால் அவருக்கு நலம், நான் போனால் அவருக்குக் குறை என்ற அந்தக் கணக்கில் உங்கள் உடம்பு எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1999-ல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு அதை எழுதிப் பார்த்தது. 66 வயதும் அதற்கு மேலும் ஆன கணவன் மனைவியரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், துணைவரைப் பராமரித்து அதனால் மன அழுத்தத்துக்கு உள்ளானவர்கள் அக்காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, அப்பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. அதற்கு முன்பே 1995-ல் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசரும் அவருடைய குழுவினரும் இன்னும் சிறிய, ஆனால் மறக்க முடியாத ஒரு சோதனையைச் செய்திருந்தார்கள். மறதிநோய் கண்ட உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அப்படிப்பட்ட பொறுப்பில்லாத பெண்கள் 13 பேர் ஆகியோரின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் செய்து, அது ஆறுவதற்கு எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். முதல் குழுவினருக்குச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாகப் பிடித்தன.

பராமரிப்பதே ஆளைக் கொல்லும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1999 ஆய்விலேயே, துணைவரைப் பராமரித்தும் அழுத்தத்தை உணராதவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. சுமையைக் காட்டிலும், இறக்கி வைக்கச் சுமைதாங்கி இல்லாமைதான் ஆளை முறிக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். முதல் தடவையே பத்து நாட்கள் வேண்டாம்; இரண்டு இரவுகள் போதும். நாத்தனார் இரண்டு நாள் முன்னதாகவே வரட்டும். முதல் நாள் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும், மறுநாள் அவர் செய்வதை நீங்கள் பாருங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்பட்டை மூட்டு நழுவிவிடக்கூடும் என்பதையும், விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்பதையும், சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது என்பதையும் வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவதே பாதுகாப்பு. தொலைபேசியில் பேசுவது நாளுக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் இருக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: திரும்பி வந்ததும் நாத்தனார் மடித்து வைத்த துணியை எடுத்து மீண்டும் மடிக்காதீர்கள். அதைப் பார்த்தவர் மறுமுறை வரமாட்டார்.

கேள்வி: என் மனைவிக்குப் பார்க்கின்சன் நோய். பகலில் எட்டு மணி நேரம் உதவிக்கு ஒரு பெண்மணி வருகிறார். அப்படியும் எனக்கு ஓய்வு கிடைத்ததாகவே தோன்றவில்லை. இது பேராசையா?

பதில்: பேராசை இல்லை, ஐயா. அந்த எட்டு மணி நேரமும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே பத்தியை நான்கு முறை படித்தபடி, கட்டில் கிறீச்சிடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கைக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, காதுக்குக் கிடைக்கவில்லை. இடையிடையே அந்தப் பெண்மணி வந்து, “அம்மா எழுந்திருக்கப் பார்க்கிறாங்க, என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார் அல்லவா? அப்படி ஒவ்வொரு முறை கேட்கும்போதும், நீங்கள் இறக்கி வைத்த பொறுப்பு மீண்டும் உங்கள் தோளுக்கே வந்துவிடுகிறது. வேலையை ஒப்படைப்பது வேறு, முடிவெடுப்பதை ஒப்படைப்பது வேறு. இரண்டாவது நடந்தால்தான் ஓய்வு.

முடிவுகளை ஒப்படைக்க வாய்ச்சொல் போதாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், முதன்முறையாக ஒரு பகல் முழுவதும் வெளியே போனபோது, காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டேன் என்பதைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். எனக்குப் பதிலாக இருந்த உறவினர், பொறுப்பாகத்தான், இரத்த அழுத்த மாத்திரையை இன்னொரு முறை கொடுத்துவிட்டார். மாலையில் நான் திரும்பியபோது அம்மா தலைசுற்றலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதங்கள் நான் எங்குமே போகவில்லை. அன்று நான் செய்திருக்க வேண்டியது வீட்டிலேயே அடைந்து கிடப்பதல்ல, ஒரு நோட்டு வாங்கியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு நோட்டில் முதலில் எழுத வேண்டியது மாத்திரைகளின் நேரம். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பா சிறிது தாமதமானாலும் உடல் இறுகிவிடக்கூடும். அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கொடுத்தவர் கொடுத்த உடனேயே நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்ததாக, உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றை எழுதுங்கள். நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டால் இழுக்கக் கூடாது; சற்றுப் பொறுத்து, “ஒன்று, இரண்டு” என்று எண்ணிக் காலெடுக்கச் சொன்னால் நகர்வார் என்பது போன்ற செய்திகள் எந்த மருத்துவச் சீட்டிலும் இருக்காது. கடைசிப் பக்கத்தில், எவையெவை நேர்ந்தால் உங்களை அழைக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்: விழுந்தால், விழுங்கும்போது புரையேறி மூச்சுத் திணறினால், காய்ச்சல் வந்தால், பேச்சு திடீரென்று மாறினால். அந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் அவர் முடிவுக்கு உரியது.

எழுதி முடித்த பின் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம், கட்டிலின் ஒலி எட்டாத தொலைவுக்குப் போய்வாருங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. தீவிர ஆட்டிசம். இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்குவதில்லை. நேற்று அவன் கையை விரல் தடம் பதியும்படி அழுத்திப் பிடித்துவிட்டேன். இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பதில்: சொல்லுங்கள் அம்மா, இன்று இரவே சொல்லுங்கள். நீங்கள் கெட்ட தாய் என்பதற்கு அது சான்றாகாது. பல மாதங்களாகத் தூங்காத உடம்பு கொடுத்த எச்சரிக்கை அது. எச்சரிக்கைக்கு மதிப்புக் கொடுக்காவிட்டால் அடுத்த முறை பிடி இன்னும் இறுகும். அப்படிப்பட்ட நொடி மீண்டும் வந்தால், அவனுக்கு எட்டும் இடத்தில் ஆபத்தான பொருள் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அறையைவிட்டு வெளியே வந்து சில நிமிடங்கள் நில்லுங்கள். அவன் அழுதாலும் பரவாயில்லை. கணவரையோ வேறொருவரையோ உடனே அழைத்து, “இப்போது வர வேண்டும்” என்று சொல்லுங்கள்.

நிரந்தர ஏற்பாடு இரவிலிருந்து தொடங்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவுகளாவது நீங்கள் வேறொரு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, விடியும் வரை தூங்க வேண்டும். அந்த இரவுகள் கணவருடைய பொறுப்பு. கூடவே, மகனின் தூக்கமின்மையை மருத்துவரிடம் தனிக் குறையாகவே சொல்லுங்கள். ஆட்டிசம் என்றால் தூக்கம் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. மலச்சிக்கல், பல்வலி, இரவில் வரும் வலிப்பு போன்றவற்றைச் சொல்லத் தெரியாமல் விழித்திருக்கும் பிள்ளைகள் உண்டு; தேவைப்பட்டால் மருத்துவர் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் பரிந்துரைப்பதும் உண்டு.

பகலில் அவனை வேறொருவரிடம் விடுவதற்கு அவனைப் பழக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே இடம். முதல் வாரம் நீங்களும் அதே அறையில் இருங்கள். பிறகு அடுத்த அறையில். பிறகு கால் மணி நேரம் வெளியே. அவன் கவனிக்காத நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள். அம்மா போகும் படம், கடிகாரம், அம்மா திரும்பும் படம் ஆகியவற்றை வரிசையாகக் காட்டிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். அந்த நேரம் தவறாமல் இருப்பதுதான் அவனுக்கு நம்பிக்கை தரும்.

உங்களைப் போன்ற பெற்றோருக்காகவே பிறந்த ஒரு நிறுவனத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் மூளையில் கடும் பாதிப்படைந்த ஹெலன் என்ற சிறுமியைப் பெற்றோர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சகோதரி ஃபிரான்சஸ் டொமினிகா என்ற கன்னியர், அவர்கள் ஓய்வெடுப்பதற்காகக் குழந்தையைச் சில நாட்கள் தம்மிடம் வைத்துக்கொண்டார். அந்த நட்பிலிருந்துதான் தீராத கடும் நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் முதல் ஹாஸ்பிஸ் இல்லமான ஹெலன் ஹவுஸ் 1982-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவாயிற்று.

கேள்வி: மறதிநோய் உள்ள அப்பாவை இரண்டு வாரம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடலாம் என்று அண்ணன் சொல்கிறார். திரும்பி வரும்போது இன்னும் மோசமாகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதல் சில நாட்கள் குழப்பம் கூடலாம், திரும்பி வந்த பின்னும் ஓரிரு நாட்கள் வீட்டையே புதிதாகப் பார்க்கலாம். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. மறதிநோயாளிகளின் குடும்பங்களுக்கு இத்தகைய ஓய்வு எவ்வளவு உதவுகிறது என்று 2014-ல் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுக்குத் தகுதியான பரிசோதனைகள் நான்குதான் கிடைத்தன. அவற்றை வைத்து நன்மை என்றோ தீமை என்றோ உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனாலும் 2000-ல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கிய ஜப்பான், பகல்நேர மையத்தையும் குறுகிய காலத் தங்கலையும் அதிலேயே சேர்த்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சில நாட்கள் அப்பாவை அப்படி விட்டுவிட்டு வருவது கைவிடுவதாகாது.

என் யோசனை, இரண்டு வாரத் தங்கலுக்கு முன்பாக அதே இல்லத்தில், அல்லது ஒரு பகல்நேர மையத்தில், சில பகல்கள் விட்டுப் பார்ப்பது. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையின் அழகைவிட்டு, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதையும், மாத்திரை கொடுப்பவர் யார் என்பதையும், அப்பாவைக் கட்டி வைப்பதோ அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பதோ உங்களைக் கேட்காமல் நடக்குமா என்பதையும் கேளுங்கள். வீட்டில் அவர் போர்த்திக்கொள்ளும் போர்வையையே அனுப்புங்கள். துவைத்துப் புது வாசனை ஏற்றிவிட வேண்டாம். எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், என்ன வேலை பார்த்தார், சிறுநீர் வந்தால் என்ன சைகை செய்வார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்த அன்று குதிகால்களையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்த்து, எடையையும் மாத்திரை அட்டைகளையும் சரிபார்த்துவிடுங்கள். ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று பெரிய மாற்றம் தெரிந்தால், நோய் முற்றிவிட்டது என்று அழாமல், மருத்துவரிடம் கொண்டு போங்கள். கிருமித் தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவை அப்படிப்பட்ட குழப்பத்தை உண்டாக்கும். அவை சரிசெய்யக் கூடியவை.

கேள்வி: நீண்ட நாட்களுக்குப் பிறகு கிடைத்த மூன்று மணி நேர ஓய்வில் தூங்கிவிட்டேன். வீணாக்கிவிட்டேனே என்று இருக்கிறது.

பதில்: தூக்கம் வீண் என்றால், வேறு எதை ஓய்வு என்பது? வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, நேரம் போய்விட்டதே என்று எழுதுபவர்கள்தான் உண்மையில் அதை இழந்தவர்கள். அடுத்த ஓய்வில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். தூங்குவது என்று முடிவு செய்தாலும் சரி.

கேள்வி: நான் திருமணமாகாதவள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டேன். “நீதான் வீட்டில் இருக்கிறாயே” என்கிறார்கள் அண்ணன்மார். உதவி கேட்டால் “கட்டாயம் செய்கிறோம்” என்பார்கள், செய்வதில்லை.

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்தபோது மேரி வெப்ஸ்டர் நினைவுக்கு வந்தார். இங்கிலாந்தில் மதப் பணியாளராக இருந்த அவர், முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக 1954-ல் வேலையை விட்டார். தம்மைப் போன்ற திருமணமாகாத பெண்களின் நிலையைப் பற்றி 1963-ல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியபோது, நானும் அப்படித்தான் என்று எழுதியவர்களின் கடிதங்கள் குவிந்தன. அவர்களைக் கொண்டு 1965-ல் ஓர் அமைப்பு உருவாகி, பராமரிப்பவர் என்பவரும் அரசின் கண்ணில் பட வேண்டிய ஆள் என்ற பேச்சு அந்நாட்டில் தொடங்கியது. அதுவரை அவர்கள் ‘வீட்டில் இருக்கும் பெண்கள்’ மட்டுமே.

அண்ணன்மாரிடம் உதவி கேட்காதீர்கள், தேதி கேளுங்கள். ‘உதவி’ என்ற சொல்லுக்குச் சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிட முடியும். “அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு இரவு வரை அம்மாவோடு இருப்பது நீங்களா, சின்ன அண்ணனா?” என்ற கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லித் தப்ப முடியாது. வர முடியாதவர், அந்த இரண்டு நாட்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் அமர்த்துவது அவர் பங்கு. இதை எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள். பதிலை நாட்காட்டியில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கூடவே, நாளை உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அன்றிரவு அம்மாவிடம் வருபவர் யார் என்பதையும் அன்றே தீர்மானித்துவிடுங்கள்.

கேள்வி: நான் நோயாளி. கழுத்துக்குக் கீழே உடல் அசையாது. ஏழு ஆண்டுகளாக என்னைப் பார்த்துக்கொள்ளும் மகளைச் சில நாட்கள் எங்காவது அனுப்ப விரும்புகிறேன். “உன்னை விட்டுவிட்டா?” என்று மறுக்கிறாள். இதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குத் தெரியாது.

பதில்: “நீ போய் ஓய்வெடு” என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், அம்மா தன்னை வருத்திக்கொண்டு எனக்காகச் சொல்கிறாள் என்றுதான் மகளுக்குக் கேட்கும், மறுப்பது கடமை என்று ஆகிவிடும். “எனக்கு உன்னிடமிருந்து மூன்று நாள் விடுப்பு வேண்டும்” என்று சொல்லிப் பாருங்கள். அதில் பொய்யும் இல்லை. ஏழு ஆண்டுகளாக ஒரே ஆளின் கவலைப் பார்வைக்குள் படுத்திருப்பவருக்கும் வேறொரு முகமும் வேறொரு பேச்சும் வேண்டியிருக்கும்.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. மாற்று ஆளுக்கு நீங்களே சொல்லித்தர முடியும்: எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், சிறுநீர்க் குழாய் மடங்கினால் எப்படித் தெரியும், குதிகால்களுக்கு அடியில் தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று, செய்யச் செய்யச் சொல்லலாம். திடீர்த் தலைவலியும் வியர்வையும் வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைவலி தீராவிட்டால் அது அவசர நிலை என்பதையும் வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடிதம் எழுதிய அந்தப் பிள்ளையின் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. அவனையே ஒரு நோட்டு கொண்டு வரச் சொல்லி, நீங்கள் சொல்லச் சொல்ல இவற்றையெல்லாம் எழுத வையுங்கள். மகள் கிளம்ப வேண்டிய தேதியை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். முழு நோட்டும் நிறைந்த பிறகு மகளிடம் காட்டலாம்.